ஜே.சி. ரோட்டில் வாங்கிய அகலம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், காலைச் சுற்றுகள் முடிந்து வண்டிகளெல்லாம் நிழல் தேடி வந்து நின்ற வேளையில், என்னைப் போலவே பெங்களூரிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் என் அருகில் வந்து, "அண்ணா, எவ்வளவு அகல டயர் போட்டா டைம் குறையும்? இருநூத்திப் பதினஞ்சு போட்டும் ஒண்ணும் தெரியல. இருநூத்தி இருபத்தஞ்சு போட்டுடலாமா?" என்று கேட்டார்.

அவருடைய வண்டியைப் போய்ப் பார்த்தேன். என்னுடையதைப் போன்ற ஒரு போலோ. முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனர் கிழிந்து தொங்கிற்று. டயரின் தோளில் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் செதுக்கப்பட்டிருந்தது. ரப்பர் தீய்ந்த அந்த வாசனையை முகர்ந்தவுடன், நான்கு வருஷங்களுக்கு முன் நான் பட்ட அவஸ்தை முழுவதும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அவருக்கு அங்கே நின்றபடி சொன்ன பதில் போதாது என்று வழி நெடுகத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆகவே வீடு வந்து சேர்ந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(நீளமான பதிவுதான். காப்பி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.)

முதலில் வண்டியைப் பற்றி. 2013-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.; 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத் திறன். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டே கதவுகளும் கீழே படிந்த உடம்பும் இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்பது என் அபிப்பிராயம் அல்ல. வளைவில் திருப்பும்போது ஓட்டுகிறவனுடைய உத்தேசத்தை உடனே புரிந்துகொண்டு அதன்படி நடக்கிற எந்த வண்டிக்கும் அந்தப் பெயர் தகும் என்றே நான் நினைக்கிறேன்.

எங்கள் பெங்களூரில் சின்னக் கார்ட் வண்டி ஓட்டுவதற்குத் தடங்கள் உண்டு. சொந்தக் காரை மனம் நிறைய ஓட்ட வேண்டுமானால், கிழக்கே சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கோ, தெற்கே கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில் காலஞ்சென்ற பந்தயக்காரர் கரிவர்தனின் பெயரைத் தாங்கி நிற்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோதான் போக வேண்டும். நான் பெரும்பாலும் போவது இருங்காட்டுக்கோட்டைக்கு. இருட்டோடு ஒசூர் ரோட்டைப் பிடித்து, அத்திப்பள்ளி தாண்டி, கிருஷ்ணகிரியில் இட்டிலி, ஆம்பூரை (பிரியாணிக்கு நேரமாகாத வேளையில்) வருத்தத்தோடு கடந்து, வேலூர், காஞ்சிபுரம் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம். அந்தத் தடம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினுடையது. 1953-ல் தொடங்கப்பெற்ற அந்தக் கிளப், யுத்த காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் பல வருஷங்கள் பந்தயம் நடத்திவிட்டு, 1990-ல் இந்த இடத்துக்கு வந்தது. சுற்றளவு 3.717 கிலோமீட்டர். ஓட்டம் வலஞ்சுழியாக இருப்பதால் வலப்பக்க வளைவுகளே மிகுதி. ஆகையால் பாரம் அதிகம் விழுவது இடப்பக்கத்து முன் டயரின்மேல். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் முதன்முதலில் ஓட்டியது கம்பெனி கொடுத்த டயரில்தான். 185/60 ஆர்15. சுற்றுக்குச் சுற்று அது கீச்சிட்டது; மத்தியானத்துக்குள் இடது முன் டயரின் வெளித் தோள் உருண்டு, அந்தப் பக்கம் எழுத்துகள்கூடத் தேய்ந்துவிட்டன. வளைவின் நடுவில் வண்டியின் மூக்கு வெளியே வெளியே ஓடுவதைக் கண்டு, இதற்கெல்லாம் காரணம் டயர் ஒல்லியாக இருப்பதுதான் என்று எவ்விதப் பரீட்சையும் செய்யாமல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமையே ஜே.சி. ரோடு.

(பெங்களூர்வாசிகளுக்கு இந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக: மைசூர் சமஸ்தானத்தின் கடைசி மகாராஜாவும், கர்நாடக சங்கீதத்தில் கீர்த்தனைகள் இயற்றிய வித்வானுமான ஜயசாமராஜேந்திர உடையாரின் பெயரைக் கொண்டது இது. டவுன் ஹால் பக்கத்திலிருந்து நடக்கத் தொடங்கினால், இரு புறமும் சீட் கவர், ஹார்ன், விளக்கு, அலாய் வீல் என்று காருக்கு வேண்டிய சகலமும் தோரணம்போலத் தொங்கும்.)

அங்கே ஒரு கடையில் பதினேழு அங்குல அலாய் ஒரு செட் என் மனத்தை அடியோடு கவர்ந்துவிட்டது. மெல்லிய பத்து ஆரங்கள், துப்பாக்கி உலோகத்தின் நிறம். ஏழரை அங்குல அகலம், 215/45 ஆர்17 டயர். "ஃபெண்டர்ல உரசாதா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஏனூ ப்ராப்ளம் இல்லா சார், கச்சிதமா உக்காரும்" என்று பதில் வந்தது. தெருவில் நின்று பார்த்தபோது கச்சிதமாகவே உட்கார்ந்திருந்தது. நிற்கிற வண்டியில் எல்லாச் சக்கரமும் கச்சிதமாகத்தான் உட்காரும் என்பதை அறிய எனக்கு மூன்று நாளாயிற்று. ஊரிலிருந்து வந்த அத்தை, மாமா, அவர்கள் மகள் ஆகிய மூவரையும் ஏற்றிக்கொண்டு லக்கசந்திராவில் ஒரு வேகத்தடையின்மேல் ஏறி இறங்கியபோது, பின்பக்கத்தில் மரத்தை ரம்பம் அறுப்பதுபோல ஒரு சப்தம் கேட்டது.

தடத்தில் அதைவிட மோசம். நேர்ச்சாலையின் முடிவில் வரும் முதல் வளைவு வேகமான வலப்பக்க வளைவு; அதில் உடம்பு சாய்ந்து இடது முன்பக்கம் அமுங்கும்போதெல்லாம் டயர் போய் லைனரைக் கடித்தது. உரசும் பயத்தில் கை தானாகவே ஸ்டீயரிங்கைத் தளர்த்திவிடும். அன்றைய என் மிகச் சிறந்த சுற்று, பழைய ஒல்லி டயரில் ஓட்டியதைவிட ஒரு விநாடிக்கு மேல் மந்தமாக இருந்தது. புது டயர், அகல டயர், ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பகுதியை விழுங்கிய டயர். நேரம் மட்டும் கூடியிருந்தது.

வீடு திரும்பியதும் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு, கடைக்குப் போகும் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். உங்களில் யாராவது வீல் வாங்கும் உத்தேசத்தில் இருந்தால் இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள்.

டயரின் பக்கத்தில் 185/60 ஆர்15 என்று இருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு அறுபது, அதாவது 111 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம். ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் முழு விட்டம் 603. என் புது டயருக்கோ 625. விட்டத்தில் 22 மில்லிமீட்டர் கூடுதல் என்றால், ஒவ்வொரு கியரும் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் பங்கு நீண்டுவிட்டது என்று பொருள். 105 குதிரைகள் இழுக்கிற சின்ன வண்டிக்கு இது சாமானிய நஷ்டம் அல்ல.

அடுத்தது ஆஃப்செட். வீலின் உள்பக்கத்தில் ஈ.டி. என்று பொறித்து ஓர் எண் இருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதை அது சொல்கிறது. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே பிதுங்கும். கம்பெனி வீல் 6 அங்குல அகலம், ஈ.டி. 40. நான் வாங்கியது 7.5 அங்குலம், ஈ.டி. 30. அகலம் கூடியதால் வெளிப்பக்கம் 19 மில்லிமீட்டர், ஆஃப்செட் குறைந்ததால் இன்னொரு 10. ஆக 29 மில்லிமீட்டர் சக்கரம் வெளியே வந்துவிட்டது. மூன்று சென்டிமீட்டர் வெளியே வந்த, இரண்டு சென்டிமீட்டர் பெரிதான சக்கரம், அமுங்கும்போது ஃபெண்டரைக் கடிக்காமல் வேறென்ன செய்யும்?

பிறகு எடை. பழைய பேப்பர்காரர் தராசில் வைத்துப் பார்த்தேன் (அவர் சிரிக்காமல் சிரத்தையோடு நிறுத்துக் கொடுத்தார்; அவருக்கு என் நன்றி). கம்பெனி வீலும் டயரும் சேர்ந்து பதினைந்தரை கிலோ, புதியது இருபது. நான்கு சக்கரத்துக்குப் பதினெட்டு கிலோ. அதுவும் சுழலுகிற கிலோ, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற கிலோ. சீட்டுக்கு அடியில் பதினெட்டு கிலோ அரிசி மூட்டை வைப்பதும் இதுவும் ஒன்றாகாது. சக்கரத்தின் எடையை எஞ்சின் உருட்டவும் வேண்டும், பிரேக் நிறுத்தவும் வேண்டும், டாம்பர் ஒவ்வொரு மேட்டிலும் கட்டுப்படுத்தவும் வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு அகலத்தைத் தேடினோமே, அந்த அகலம் உண்மையில் என்னதான் தருகிறது?

"அகலம் கூடினால் ரோட்டில் படுகிற ரப்பர் கூடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். யோசித்துப் பாருங்கள்: ஒரு முன்சக்கரத்தின்மேல் சுமார் 330 கிலோ பாரம், உள்ளே காற்று 32 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ. வகுத்துப் பார்த்தால் தரையில் படும் பரப்பு 150 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. விரல்களை விரித்து வைத்த ஒரு கையின் அளவு. டயர் ஒல்லியானாலும் அகலமானாலும், பாரமும் காற்றும் மாறாதவரையில் இந்தப் பரப்பு அதிகம் மாறுவதில்லை. பக்கச்சுவரின் விறைப்பினால் வரும் சிறு வித்தியாசத்தைத் தள்ளிவிடுங்கள்.

மாறுவது அதன் உருவம். ஒல்லி டயரின் தடம் நீளமாகவும், அகல டயரின் தடம் குட்டையாகவும் அகன்றும் இருக்கும். குட்டையான தடத்தில் ரப்பர் பக்கவாட்டில் அதிக தூரம் இழுபடுவதில்லை; ஆகவே ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் பதில் உடனே வருகிறது. அதோடு, ஒரு சுற்றில் பிறக்கும் உஷ்ணத்தைப் பங்கிட்டுக்கொள்ள அதிக ரப்பர் இருப்பதால் ஐந்தாவது சுற்றிலும் டயர் சோர்ந்துபோவதில்லை. தடத்துக்குப் போகிறவனுக்கு இவை இரண்டும் மகத்தான உபகாரங்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இவை கிடைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வளைவில் சாயும்போது அந்த அகலம் முழுவதும் தரையில் படிந்திருக்க வேண்டும்.

என் வண்டியில் படியவில்லை. கம்பெனி அமைப்பில் முன்சக்கரத்தின் உட்சாய்வு (கேம்பர் என்பார்களே, அது) ஒரு டிகிரிக்கும் குறைவு. வண்டி சாயும்போது டயர் வெளி விளிம்பின்மேல் நிற்கிறது. உள்பாதி தரையைத் தொட்டும் தொடாமலும் சும்மா வருகிறது. அந்த முதல் நாள் இடது டயரின் தோள் உருண்டுபோனதற்கு இதுவே காரணம். அகலமான டயர் போட்டபோது வெளி விளிம்பில் நின்ற பகுதி அப்படியே இருந்தது. சும்மா வந்த பகுதிதான் அதிகமாயிற்று!

உலகத்தின் மிகப் பெரிய பந்தயக்காரர்களும் இந்தக் கேள்வியோடு மல்லாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஃபார்முலா ஒன்றில் 2017-ல் டயர்களை ஒரேயடியாக அகலமாக்கினார்கள்: முன்பக்கம் 245 மில்லிமீட்டரிலிருந்து 305, பின்பக்கம் 325-லிருந்து 405. வளைவுகளில் வேகம் வெகுவாக ஏறிற்று. ஆனால் 2026-க்கு வகுத்த விதிகளில், எடையும் காற்றுத் தடையும் குறைய வேண்டும் என்று முன்பக்கம் 25, பின்பக்கம் 30 மில்லிமீட்டர் குறைத்துவிட்டார்கள். டொயோட்டாவோ 2012-ல் ஜி.டி.86 என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டபோது, 200 குதிரைத் திறன் உள்ள அந்த வண்டிக்கு, பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பிரியஸ் காரில் வருகிற ஜாதியைச் சேர்ந்த 215 டயரையே மாட்டினார்கள். வேகத்தைவிட, சறுக்கலின் ஆரம்பத்தை ஓட்டுகிறவன் உணர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. அந்த எண்ணத்தின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

பதினேழு அங்குலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஆறு மாதம் பழைய 185 டயரிலேயே ஓட்டினேன். அந்த ஆறு மாதத்தில் கற்றது கடையில் கிடைக்காது. குளிர்ந்த டயரில் 32 வைத்துக்கொண்டு போனால் நான்கு சுற்றில் 39 ஆகிவிடுகிறது. டயர் பலூன்போல நடுவில் புடைக்கிறது. காலையில் 28-க்கு இறக்கிவிட்டால் சூட்டில் 34, 35-ல் நிற்கிறது. டயரின் தோளிலிருந்து பக்கச்சுவர்வரை சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கோடு எதுவரைக்கும் அழிந்திருக்கிறதோ அதுவரைக்கும் டயர் மடிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு ரூபாய்ச் சாக்கட்டி. பிறகு முன்பக்கத்தில் கேம்பர் பிளேட் போட்டு, சாய்வை இரண்டு டிகிரிக்கு அருகில் கொண்டுவந்தேன். அதே ஒல்லி டயரில், இரண்டு விநாடிக்கு மேல் குறைந்தது!

அதற்கப்புறந்தான் இரண்டாவது செட் வாங்கினேன். பதினைந்தே அங்குலம், ஏழு அங்குல அகலம், ஈ.டி. 38, அதில் தடத்துக்கென்றே செய்த மிருதுவான ரப்பர் உடைய 205/50 ஆர்15 டயர். சொல்லி வைத்து ஆறு வாரம் காத்திருந்து வாங்கியது. விட்டம் 586, கியர் சற்றே குறுகி, வளைவிலிருந்து வெளிவரும்போது இழுப்பு நன்றாக இருக்கிறது. சக்கரம் வெளியே வந்தது 15 மில்லிமீட்டர், உள்ளே போனது 11. இரண்டு பக்கமும் விரல் நுழைய இடம் உண்டு. எடை கம்பெனி வீலைவிடக்கூட அரை கிலோ குறைவு. ஏழு அங்குல ரிம் பக்கச்சுவரை நேராகத் தாங்கிப் பிடிப்பதால் டயர் மடிவது வெகுவாகக் குறைந்துவிட்டது. (205 டயரை ஆறு அங்குல ரிம்மிலும் ஏற்றலாம், ஆனால் பெரிய தலையணையைச் சின்ன உறையில் திணித்ததுபோல இருக்கும்.)

அந்த முதல் சுற்றை நான் மறக்கமாட்டேன். முதல் வளைவில் திருப்பினேன், மூக்கு உள்ளே போயிற்று. அவ்வளவுதான். வெளியே ஓடவில்லை, கீச்சிடவில்லை, கேள்வி கேட்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் நான் உரக்கக் கத்திவிட்டேன்.

பெங்களூர்த் தெருவில் இந்த வீல்களை நான் போடுவதில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ளபடியும் உற்பத்தியாளர் விதித்தபடியும் வண்டி இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்திவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, ஈரம் வடியப் பள்ளங்கள் இல்லாத டயரோடு நம் ஊர் மாலை மழையில் போவது உயிருக்கு ஆபத்து. ஆகவே பின்சீட்டை மடித்து நான்கையும் அடுக்கிக்கொண்டு போய், தடத்தில் மாற்றி, மாலையில் கம்பெனி வீலைத் திரும்ப மாட்டிக்கொண்டு வருகிறேன். அரை மணி நேர வேலை.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சுருக்கமாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருந்தபோதே, போல்ட்டுகளைப் பற்றி எனக்கு வேறொரு விசாரம் பிடித்துக்கொண்டது. இந்தப் பதிவை எழுத வைத்ததில் பெரும் பங்கு அதற்குத்தான்.

நான் பதினேழு அங்குலத்தைக் கழற்றியது வில்சன் கார்டனில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம். குடியாத்தத்துக்காரர், முப்பது வருஷமாகப் பெங்களூரில் தொழில். ஒரு போல்ட்டைக் கழற்றினார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பேசாமல் இன்னொன்றைக் கழற்றினார்.

"சார், இந்த போல்ட்டோடயா ட்ராக்ல ஓட்டினீங்க?"

"ஆமாண்ணா. கம்பெனி போல்ட்தானே?"

"அதான் தப்பு. வாங்க, இங்க பாருங்க."

கம்பெனி போல்ட்டின் தலைக்குக் கீழே, வீலில் பதியும் பகுதி பந்துபோல உருண்டையாக இருந்தது. அலாய் வீலின் துளையோ கூம்பாகக் கடையப்பட்டிருந்தது. கூம்புக்குள் பந்தை வைத்து இறுக்கினால், முழு முகமும் பதியாமல் மெல்லிய ஒரு வளையம் மட்டுமே தொடுகிறது. இறுக்கும்போது கைக்கு இறுகியதுபோலவே தெரியும். ஓட ஓட அந்த மெல்லிய வளையம் நசுங்கித் தளர்கிறது. இருபது போல்ட்டுகளில் ஏழு, கையால் திருப்பியபோதே சுழன்றன. இந்தச் சக்கரங்களோடு நான் முதல் வளைவில் நாள் முழுக்க ஓட்டியிருக்கிறேன். அதற்கு முன் அத்தையையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் அந்த இளைஞரிடம், "தம்பி, டயர் இருக்கட்டும், ஒரு போல்ட்டைக் கழட்டிக் காட்டுங்க" என்றேன். கழற்றினார். பந்து. வீலில் பார்த்தோம். கூம்பு. இரண்டு போல்ட்டுகள் ரெஞ்சுக்கு ஓர் எதிர்ப்பும் காட்டவில்லை. அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது.

நல்ல காலமாக என் தடத்து வீல்களுக்கென்று வாங்கிய கூம்பு போல்ட்டுகள் இருபதும் என்னிடம் இருந்தன. எம்14, 1.5 மரை, இரண்டு வண்டிக்கும் ஒன்றே. மாலையில் எனக்குக் கம்பெனி வீல் இருக்கிறது, அதற்குரிய பந்து போல்ட்டுகளும் இருக்கின்றன. என்னுடையவற்றை அவருக்குக் கொடுத்து, ஒவ்வொன்றும் ஏழு முழுச் சுற்றுக்கு மேல் உள்ளே போகிறதா என்று எண்ணிப் பார்த்து, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கொடுத்தேன். மத்தியானச் சுற்றுக்கு அவர் போகவில்லை. காஞ்சிபுரத்தில் நிறுத்தி மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு, இரவு பத்தரைக்கு வீடு சேர்ந்ததாகச் செய்தி அனுப்பினார்.

கடை வீல் போட்டிருக்கும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த வாரம், முடிந்தால் நாளைக் காலையிலேயே, ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைக்குக் கீழே பந்தா, கூம்பா? வீலின் துளை எப்படி இருக்கிறது? இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். ஒன்றாக இருந்தால், மாட்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.